ஒரு சாவி, பத்துக் கை!

"நீ யார்?"

ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்கும் முதல் கேள்வி இது.

காலையில் வேலைக்கு வருகிறோம். கம்ப்யூட்டரைத் திறக்கிறோம். இன்டர்நெட்டுக்குள் போகப் பார்க்கிறோம். உடனே ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் பெயரைத் தட்ட வேண்டும். மற்றொன்றில் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும்.

நம்மில் எத்தனை பேர் அதில் சொந்தப் பெயரைத் தட்டுகிறோம்?

"அக்கா பேரைப் போடு. அக்கா பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியுமே!"

இப்படித்தான் பல இடங்களில் வேலை ஓடுகிறது. விருதுநகர் மண்டியில் ஓடுகிறது. சிவகாசி அச்சகத்தில் ஓடுகிறது. பட்டாசு ஆலையின் ஆபீஸ் அறையிலும் ஓடுகிறது.

இது சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். சின்ன விஷயம் அல்ல. ஒருவருடைய உத்தியோகம், மானம், சில வேளை சிறைவாசம் கூட, அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது.

பதிலாள்

முதலில், அந்தப் பெட்டியைக் காட்டுவது யார் என்று பார்ப்போம்.

அதன் பெயர் பிராக்சி. கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். வகுப்புக்கு வராத நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பதற்குப் பெயர் பிராக்சி! பிராக்சி என்றால் பதிலாள்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் அதே பொருள்தான்.

விருதுநகரில் கமிஷன் கடை தெரியாதவர் உண்டா? துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல் வாங்க வெளியூர் வியாபாரி நேரே வீடு வீடாகப் போவது இல்லை. கமிஷன் கடைக்காரரிடம் சொல்கிறார். அவர் சரக்கைப் பிடித்துக் கொடுக்கிறார். கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறார்.

"யார் பேரில் எழுத?"

பெயர் சொன்னால்தான் பேரேட்டில் எழுதுவார். பேரேட்டில் எழுதினால்தான் சரக்கு வெளியே போகும்.

பிராக்சியும் ஒரு கமிஷன் கடைதான். ஆபீசில் உள்ள பத்துக் கம்ப்யூட்டர்களும் வெளி உலகத்துக்கு நேரே போவது இல்லை. எல்லாம் அந்தப் பதிலாளிடம் கேட்கின்றன. பதிலாள் வெளியே போய், கேட்டதை வாங்கி வந்து கொடுக்கிறான். கொடுக்கும் முன், "யார் பேரில் எழுத?" என்று கேட்கிறான்.

அந்தக் கேள்விதான் அந்தப் பெட்டி! அதற்கு ஒரு எண்ணும் உண்டு. 407. சிவகாசி ஆனாலும் சிங்கப்பூர் ஆனாலும், பிராக்சி பெயர் கேட்டால் அதற்கு எண் 407தான்.

இந்த வழக்கம் பழையது. 1994-ல் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் இதற்கான வேலை நடந்தது. 1996-ல் ஒரு இலவச பிராக்சி வெளிவந்தது. அதன் பெயர் ஸ்க்விட். நம் கடற்கரையில் பிடிக்கிற கணவாய் மீன்தான் ஸ்க்விட்! இன்றும் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். காசு கிடையாது.

பிராக்சி எதற்கு? மூன்று காரணம்.

ஒரே இணைப்பை எல்லோரும் பங்கு போட்டுக் கொள்ளலாம். வேண்டாத தளங்களுக்குக் கதவு அடைக்கலாம். யார், எப்போது, எங்கே போனார்கள் என்று கணக்கு வைக்கலாம்.

மூன்றாவது காரணத்தில்தான் வம்பு இருக்கிறது.

பேரேடு பொய் சொன்னால்?

ஒரு அச்சகம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நாலு கம்ப்யூட்டர். பதினோரு பேர். புது வருடக் காலண்டர் வேலை மும்முரமாக நடக்கிறது. இரண்டு ஷிப்டு.

முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு பெண். உள்ளூர்க் கல்லூரியில் பட்டம் வாங்கியவள். டிசைன் போடுவதில் கெட்டிக்காரி. அவள் பெயரில்தான் பிராக்சி கணக்கு திறந்தார்கள். பிறகு வந்தவர்களுக்கு யாரும் கணக்குத் திறக்கவில்லை. "அந்தப் பெண் பேரையே போடு" என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் டிசைன் போட்டிக்காரர் கைக்குப் போய்விடுகிறது. முதலாளி கொதிக்கிறார். கணக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். இரவு 9 மணி 40 நிமிடம். டிசைன் வெளியே போயிருக்கிறது. யார் பேரில்?

அந்தப் பெண் பேரில்!

அவள் 6 மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவுடன் இருந்தாள். ஆனால் பேரேடு அப்படிச் சொல்லவில்லையே! பேரேட்டுக்கு முகம் தெரியாது. பெயர்தான் தெரியும்.

அவள் அழுகிறாள். "நான் இல்லை" என்கிறாள். நிரூபிக்க என்ன வழி? ஒரு வழியும் இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? திருடியவனையும் நிரூபிக்க வழி இல்லை! பத்துக் கை பிடித்த சாவியில் எந்தக் கையின் ரேகை என்று எப்படிச் சொல்வது? முதலாளிக்கும் நஷ்டம். நிரபராதிக்கும் நஷ்டம். லாபம் திருடனுக்கு மட்டும்.

இது நாம் கற்பனையாகச் சொல்லிப் பார்த்த கணக்குதான். உங்கள் ஆபீசில் இப்படி நடக்க முடியாது என்று உங்களால் சொல்ல முடியுமா?

பாஸ்வேர்டு பிறந்த கதை

பாஸ்வேர்டு பிறந்ததே பலர் சேர்ந்து பயன்படுத்திய ஒரு கம்ப்யூட்டரில்தான்!

1961-ம் ஆண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்லூரி. அங்கே ஒரு கம்ப்யூட்டர். ஓர் அறையையே அடைக்கும் அளவு பெரியது. அதைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அதற்குத் தலைவர் பெர்னாண்டோ கார்படோ என்ற விஞ்ஞானி. பலர் சேர்ந்து பயன்படுத்தினால் ஒருவர் பைலை இன்னொருவர் பார்க்கக் கூடாது அல்லவா? அதற்காக ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

கொடுத்து ஒரு வருடம் கூட ஆகியிருக்காது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற மாணவர் அதை உடைத்துவிட்டார்! அவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். அவருக்கு அது போதவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த பைலை அச்சடித்து எடுத்துக் கொண்டார். மற்றவர்கள் பெயரில் உள்ளே போய் வேலை செய்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இதை ஒப்புக் கொண்டார்.

அன்றைக்கு எம்.ஐ.டி.யில் பாஸ்வேர்டைத் திருட வேண்டி இருந்தது. நம் ஊரில் நாமே காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறோம்!

பதிலாளே போலி ஆனால்?

பதிலாளை நம்பித்தான் கணக்கு எல்லாம். பதிலாளே போலி ஆனால் என்ன ஆகும் என்று 2018-ல் இந்தியா பார்த்தது.

புனே நகரில் காஸ்மாஸ் பேங்க் என்ற கூட்டுறவு வங்கி இருக்கிறது. ஏ.டி.எம்.மில் யாராவது கார்டைச் செருகினால், "பணம் கொடுக்கலாமா?" என்ற கேள்வி வங்கியின் கம்ப்யூட்டருக்கு வரும். வங்கி சரி என்றால் பணம் வரும். திருடர்கள் என்ன செய்தார்கள்? வங்கியின் கம்ப்யூட்டர் அமைப்புக்குள் புகுந்து, நடுவில் ஒரு போலிப் பதிலாளை நிறுத்திவிட்டார்கள். கேள்வி வங்கிக்குப் போகவே இல்லை. போலிப் பதிலாளே "சரி, சரி" என்று சொல்லிக் கொண்டிருந்தான்.

ஆகஸ்டு 11-ந்தேதியும் 13-ந்தேதியும் போன பணம் 94 கோடி ரூபாய்! அதில் பெரும்பகுதியை 28 நாடுகளில் உள்ள ஏ.டி.எம்.களில் எடுத்தார்கள்.

அதே வருடம் பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் பேங்கும் தாக்கப்பட்டது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 3 போலி உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். மறு நாள் கணக்கைச் சரி பார்த்த சிப்பந்திகள் கண்டுபிடித்தார்கள்.

பெரிய வங்கிகளுக்கே இந்தக் கதி. இவை வெளியில் இருந்து வந்த கூட்டங்களின் வேலை. ஆனால் பாடம் ஒன்றுதான். உத்தரவு யாரிடம் இருந்து வந்தது என்று இயந்திரம் முகம் பார்த்துச் சொல்லாது. சரியான பெயரும் சரியான சொல்லும் வந்தால் கதவைத் திறக்கும். ஆகவே பெயரையும் சொல்லையும் காப்பது நம் வேலை.

"நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்!"

இப்படிச் சொல்கிற முதலாளிகள் உண்டு.

"எங்களுக்குள்ளே சந்தேகம் கிடையாது. எதற்கு ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு?"

நல்ல மனது. ஆனால் தவறான பேச்சு.

பட்டாசுத் தொழிலில் உள்குத்தகை என்று ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். வேலை நடத்துவது வேறு ஒருவர். ஒரே ஆலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. சட்டம் இதை அனுமதிக்கவில்லை. ஏன்? ஒவ்வொரு அறையிலும் இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை மருந்துதான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு ஒருவர் பொறுப்பு. லைசென்ஸ்காரர் வேறு, வேலை நடத்துபவர் வேறு என்றால், அந்தப் பொறுப்பு காற்றில் போய்விடும்.

2021 பிப்ரவரி 12-ந்தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். அந்த ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. செத்தவர்கள் லைசென்ஸ்காரரும் அல்ல, குத்தகைக்காரரும் அல்ல. கூலிக்கு வந்த ஏழைகள்.

பாஸ்வேர்டையும் உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்தத் துயரம் வேறு. ஆனால் நோயின் வேர் ஒன்றுதான். பேர் ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு என்று ஆகும்போது பொறுப்பு செத்துவிடுகிறது. அடி விழும்போது அது மிகவும் எளியவர் தலையில்தான் விழுகிறது.

ஒரு குடும்பம் என்றால், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைக்கிறோமே! அண்ணன் செய்த தப்புக்குத் தங்கையை அடிப்போமா?

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது. அதில் 66-சி என்று ஒரு பிரிவு. இன்னொருவருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"அவளே சொன்ன பாஸ்வேர்டுதானே" என்று தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மோசடி எண்ணம் இருந்தால், சொல்லிக் கொடுத்தது என்பது காப்பாற்றாது.

இன்டர்நெட் கடைகளுக்கு 2011-ல் விதிகள் வந்தன. வருகிறவர்கள் யார் என்று அடையாளச் சீட்டு பார்க்க வேண்டும். பிராக்சியின் கணக்கை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தடுப்புத் தட்டி நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது! மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிற சின்னக் கடைக்கே இவ்வளவு கட்டு. கோடி ரூபாய் வியாபாரம் செய்கிற ஆபீசில் பத்துப் பேருக்கு ஒரே பெயர் என்றால் நியாயமா?

2022 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் செர்ட்-இன் என்ற அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்கள் கம்ப்யூட்டர் கணக்குகளை 180 நாள் பத்திரமாக வைக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணக்கை வைப்பது சரி. அந்தக் கணக்கு உண்மை சொல்ல வேண்டாமா?

குமாஸ்தா மட்டுமா குற்றவாளி?

அல்ல! பாதிக் குற்றம் ஆபீசின் மேல்.

சில இடங்களில் அந்தப் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. பிறகு என்ன ஆகும்? பெட்டியைப் பார்க்காமலே தட்டும் பழக்கம் வந்துவிடும். நாளைக்கு ஒரு திருடன் அதே மாதிரி போலிப் பெட்டியைக் காட்டினாலும் தட்டிவிடுவோம்!

சில இடங்களில் மாதம் ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும். யாருக்கு நினைவில் நிற்கும்? காகிதத்தில் எழுதி ஒட்டுகிறார்கள்.

இந்த விதியை 2003-ல் எழுதியவர் பில் பர் என்ற அமெரிக்க சர்க்கார் அதிகாரி. 2017-ல் அவரே, "நான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துகிறேன்" என்ற கருத்தைச் சொன்னார்! அதே ஆண்டு அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பும் விதியை மாற்றியது. காரணம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே, நீளமான பாஸ்வேர்டு போதும், திருட்டுப் போனதாகத் தெரிந்தால் மாற்று என்றது.

நம் ஆபீஸ்களிலும் இந்தப் புத்தி வர வேண்டும்.

வழி என்ன?

முதலாளிமாரே! ஆளுக்கு ஒரு பெயர் கொடுங்கள். கம்ப்யூட்டர் ஒன்றாக இருக்கட்டும். பெயர் வேறாக இருக்கட்டும். ஒரே கம்ப்யூட்டரில் பத்துப் பேருக்குத் தனித்தனி வாசல் வைக்கலாம். காலையில் வந்தவுடன் ஒரு முறை பெயர் சொல்லி உள்ளே வந்தால், பிராக்சி மறுபடி கேட்காமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம் கேளுங்கள். "பழைய முறையில் பாஸ்வேர்டு திறந்தபடி போகிறதா?" என்றும் கேளுங்கள். பழைய முறையில் அது மெல்லிய முகத்திரை போட்டுக் கொண்டுதான் போகும். யாரும் விலக்கிப் பார்க்கலாம்.

"அக்கா லீவு. லாரி நிற்கிறது. ஈ-வே பில் போட வேண்டும். அப்போது என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தீபாவளிக்கு முன் சிவகாசியில் லாரி ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பது தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. ஈ-வே பில் தளத்திலேயே துணைப் பெயர்கள் உண்டாக்கலாம். அக்காவுக்கு ஒன்று. தம்பிக்கு ஒன்று. தம்பிக்கு எந்த வேலை செய்ய அனுமதி என்றும் நீங்களே சொல்லலாம். வேலையை விட்டுப் போனவர் பெயரை அன்றைக்கே எடுத்துவிடலாம்.

வேலை செய்யும் தம்பி தங்கைகளே! உங்களுக்கும் கடமை உண்டு.

"பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். பொதுக் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இருக்கையை விட்டு எழுந்தால் பூட்டிவிட்டு எழுங்கள். விண்டோஸ் படம் போட்ட விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக் கொள்ளும். ஒரு நொடி வேலை. டீ குடிக்கப் போனாலும் அழுத்துங்கள்.

மாலையில் வெளியேறும்போது, பிரவுசரை முழுவதும் மூடுங்கள். ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டுப் போகாதீர்கள்.

பெட்டி திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் பழைய பாஸ்வேர்டு எங்கேயோ ஒட்டிக் கொண்டிருக்கலாம். ஏழெட்டு முறை தட்டினால் கணக்கே பூட்டிக் கொள்ளும். இரண்டு முறை தட்டி வராவிட்டால் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள்.

பெட்டி ஓ.டி.பி., ஆதார் எண், ஏ.டி.எம். எண் கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். எந்த பிராக்சிக்கும் அவை தேவை இல்லை. பணம் போய்விட்டால் தாமதம் இன்றி 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் மகள் படித்து முடித்து அச்சக ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளா? உங்கள் மகன் மண்டியில் கணக்கு எழுதுகிறானா?

சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். மதியச் சாப்பாடு உண்டா என்று கேட்பீர்கள். பஸ் வசதி உண்டா என்று கேட்பீர்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள்.

"அங்கே கம்ப்யூட்டரில் உன் பேர் உனக்கு மட்டும்தானா?"

"இல்லை, எல்லோரும் என் பேரில்தான் போகிறார்கள்" என்று பிள்ளை சொன்னால், பெருமைப்பட வேண்டாம். மறு நாளே முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள். "ஐயா, மற்றவர்களுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். என் பாஸ்வேர்டை மாற்றிக் கொள்கிறேன்." இவ்வளவுதான். நல்ல முதலாளி கோபப்பட மாட்டார். கணக்கு ஒழுங்காக இருந்தால் முதல் லாபம் அவருக்குத்தானே!

வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாது என்று நம் தாத்தா காலத்திலேயே சொல்லி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட அதில் கவனமாக இருந்தார்கள். கைநாட்டு வைக்கும் முன், "என்ன எழுதி இருக்கிறது? படித்துக் காட்டு" என்று கேட்டார்கள்.

பாஸ்வேர்டைப் பத்துப் பேருக்குச் சொல்வது பத்து வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான். அதில் யார் என்ன எழுதினாலும், கீழே இருப்பது உங்கள் பெயர்!